சிப்பிக்குள் ஒரு கப்பல்

தடயவாதி என்றோர் இனம் இருக்கிறது. ஆவடி மின்ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் ஒருவரையாவது பார்க்கலாம். எதிர்வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாகக் கிடந்தால் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பார். மேல்மாடியில் இரண்டு நாள் துணி காயவில்லை என்றால் அந்தக் குடும்பத்தையே ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, வீடு காலி என்று தரகரிடமும் சொல்லிவிடுவார். கதவைத் தட்டிக் கேட்டால் என்ன? கேட்கவே மாட்டார். கேட்டுத் தெரிந்துகொள்வது இந்த இனத்துக்குக் கௌரவக் குறைச்சல்.

இதில் படித்த பிரிவு ஒன்று உண்டு. இதையே உதவித்தொகை வாங்கிக்கொண்டு செய்பவர்கள். அடியேன் பாசித் அந்தப் பிரிவு.

நான் இருப்பது திருமுல்லைவாயில். கடலுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆனால் முந்நூறு வருடத்துக்கு முன் கடல் எப்படி இருந்தது என்று கேளுங்கள், விடாமல் சொல்வேன். மட்டி தன் சிப்பியைக் கடல்நீரிலிருந்து அடுக்கடுக்காகக் கட்டிக்கொள்கிறது. அந்தந்தக் காலத்துத் தண்ணீரில் கலந்திருந்ததில் ஒரு துளி அந்தந்த அடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஆற்று வெள்ளம் கடலில் கலந்தால் பேரியம் ஏறும். தண்ணீர் சூடானால் மெக்னீசியம் ஏறும். சில மட்டிகளில் ஏறாது. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மேடையில் நாங்கள் கொஞ்சம் வேகமாகச் சொல்வோம். சிப்பியைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, லேசரால் கோடு போட்டுச் சுட்டு, கிளம்பும் தூளைக் கருவிக்குள் அனுப்பினால் எந்த அடுக்கில் எது எவ்வளவு என்று படம் வரும். அதற்கப்புறம் கருவி சும்மா இருக்கும், எங்கள் வாய்தான் சும்மா இருக்காது.

பழவேற்காட்டுச் சேற்றில் தோண்டியெடுத்த ஒரு பழைய சிப்பியை நம்பித்தான் என் ஆராய்ச்சிப் பட்டமே நின்றது. கொடுத்த கெடுவெல்லாம் முடிந்து, அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை கமிட்டி கூடுவதாக இருந்தது. நீட்டிப்பு கிடைத்தால் பட்டம், இல்லையென்றால் ஐந்து வருடமும் வீண். ஆய்வகத்தில் அறுக்கும் இயந்திரம் பழுது. அதனால் சிப்பியை என் மனைவி ராபியாவின் அண்ணன் ஜுல்ஃபிகரின் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர்க் குழாய் செய்கிற பட்டறை. என் கை வியர்வை பட்டு சிப்பி கெட்டுவிடக்கூடாதே என்று கையுறை போட்டுக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் அறுத்துக் கொடுத்தார்.

படம் வந்தது. ஒரு கறுத்த கோட்டில் செம்பும் துத்தநாகமும் கைகோத்துக்கொண்டு எகிறியிருந்தன. இரண்டும் சேர்ந்தால் பித்தளை. கடலடியில் பித்தளை எப்படி வரும்? கப்பல். அன்றைக்கே நான் ஒரு புயலைக் கிளப்பினேன், பாய்மரத்தை முறித்தேன், பித்தளை மணியோடு கப்பலை மூழ்கடித்தேன், அதன் பக்கத்தில் என் மட்டியைக் குடிவைத்தேன். அத்தியாயம் நாற்பது பக்கம் வந்தது.

கமிட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் மாமனார் வீட்டு விருந்தில் இதை விஸ்தாரமாகச் சொன்னேன். ஜுல்ஃபிகர் எலும்பைக் கீழே வைத்தார்.

"மச்சான், அந்தக் கப்பல்ல ஈயம் கீதா?"

"கொஞ்சம் இருக்கு. உனக்கு எப்படித் தெரியும்?"

"கடையறதுக்கு சுளுவா இருக்கட்டும்னு பித்தளைல ஈயம் சேப்பாங்க. நம்ம பட்டறைக்கு வர்றது அந்தப் பித்தளைதான். உன் சிப்பிய அறுக்கறதுக்கு முன்னாடி அதே பிளேடுலதான் ரெண்டு டஜன் குழா அறுத்தேன். உன் சிப்பில ஒரு கீறல் இருந்துச்சுல்ல, தூளு அதுல போயி குந்திகினு இருக்கும்."

ராபியா என் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். "அப்போ கப்பல் முழுகலையா?"

"முழுகிடுச்சு. இப்பதான்."

உண்மையைச் சொல்கிறேன், மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் தெரிந்தவர்கள் விருந்துக்கு வந்தவர்கள் மட்டும், எல்லோரும் சொந்தம். ஆனால் பிரியாணி இறங்கவில்லை. பழுது பார்த்திருந்த ஆய்வக இயந்திரத்தில் மறுநாளே சிப்பியின் மறுபாதியை, கீறல் இல்லாத இடமாகப் பார்த்து, புதிதாக அறுத்தேன். கப்பலைக் காணோம். ஒரு நல்ல மழை வருடத்துப் பேரியம் மட்டும் சின்ன மேடாக இருந்தது. நாற்பது பக்கம் மூன்றானது.

வியாழக்கிழமை கமிட்டியின் முன் பித்தளை உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நெறியாளர் தாட்சாயிணி மேடம் முழுதும் கேட்டார். "ம்" என்றார். என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதி, மூடி, என்னிடமே நீட்டினார். பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

வழியெல்லாம் அந்த "ம்"மை ஆராய்ந்தேன். அது நீளமா, குட்டையா? சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றினாரே, ஏன்? வில்லிவாக்கத்தில் நான் தேறியிருந்தேன். அம்பத்தூரில் தோற்றுவிட்டேன். திருமுல்லைவாயிலில் இறங்கும்போது குழாய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது.

வீட்டில் ராபியா ஒரு வார்த்தைதான் சொன்னாள். "போன் பண்ணிக் கேளேன்." எனக்குத் தோன்றவே இல்லை. கூப்பிட்டேன்.

"ஆறு மாசம் நீட்டிப்புன்னு கமிட்டி ஒத்துக்கிச்சு," என்றார் மேடம். "உங்க ரிப்போர்ட்டுலயே எழுதி, கையெழுத்துப் போட்டு, கையிலதானே குடுத்தேன். படிக்கலையா, பாசித்?"

சிரித்துக்கொள்ளுங்கள், தாராளமாக. சிரித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியை எடுங்கள். நேற்று நீங்கள் அனுப்பிய செய்திக்கு "சரி" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டாரே ஒருவர், அதை எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள்? அதை வைத்து இதுவரை எத்தனை கப்பலை மூழ்கடித்திருக்கிறீர்கள்?