ஊருக்கெல்லாம் ஒரே அத்தை

"என்னய்யா இது? ஒரே நாள்ல ஊர்ல எல்லார் வீட்டுக்கும் அத்தை வந்திருக்காங்க?"

தணிக்கை அலுவலக இயக்குநர் கேட்டதும் சல்லடை எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார். மக்கள் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளில் அரசுக்கு ஆகாத சொற்களைச் சலித்துத் தடுப்பது அவர் வேலை. அலுவலகத்தில் 'சல்லடை' என்ற பேரே ஒட்டிக்கொண்டது.

ஊரில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குப் படுக்கை இல்லை. செய்தி வெளியே போனால் மானம் போகும் என்று 'தண்ணீர்' என்ற சொல்லையே அரசு தடை செய்திருந்தது. குடிக்காதே என்று ஒரு தெரு அடுத்த தெருவுக்குச் சொல்ல வழியில்லை.

இயக்குநர் சத்தமாக வாசித்தார். "'அத்தை கறுப்பா வந்திருக்காங்க. நாத்தம் தாங்கல. குழந்தைங்களக் கிட்ட விடாதீங்க.' புரியுதா?"

"பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ சார்."

"யோவ், தண்ணியச் சொல்றாங்கய்யா! அத்தையத் தடு!"

தடுத்தார். சாயங்காலமே இயக்குநரின் மனைவி போனில் கத்தினாள். 'அத்தை வர்றாங்க, ஸ்டேஷனுக்குப் போங்க' என்று அவள் அனுப்பியது புருஷனுக்குப் போய்ச் சேரவில்லை. இயக்குநரைப் பெற்றவள், ரயிலடியில் பெட்டிமேல் உட்கார்ந்து பிள்ளைக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஊர் சித்தப்பாவுக்கு மாறியிருந்தது.

'சித்தப்பாவ நல்லாக் கொதிக்க வச்சு வடிகட்டியாச்சு. அப்பவும் கலங்கலாத்தான் இருக்கார்.'

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"பேசாம உறவுமுறை மொத்தத்தையும் தடுத்துடலாமா சார்?" சல்லடை பணிவாகக் கேட்டார்.

"அதச் செய் முதல்ல!"

அதற்கடுத்த நாள் அமைச்சருக்குப் பிறந்தநாள். 'அண்ணன் வாழ்க', 'எங்கள் அப்பாவே' என்று கட்சிக்காரர்கள் விடிந்ததிலிருந்து தட்டிய வாழ்த்து ஒன்றுகூடப் போகவில்லை. மத்தியானம்வரை காலிப் போனையே பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் பொங்கிவிட்டார்.

"நாட்டுல ஒருத்தன்கூடவா என்னை நினைக்கல? தடை கிடை எல்லாத்தையும் இப்பவே எடு!"

எடுத்தார்கள். மடை திறந்ததுபோல் கறுப்புத் தண்ணீர்ச் செய்திகள் நாடு முழுக்கப் பாய்ந்தன. வெளியூர் டாக்டர்கள் ஓடி வந்தார்கள். நல்ல தண்ணீர் லாரிகள் வந்தன. உடைந்த குழாயைத் தோண்டி மாற்றினார்கள்.

சல்லடைக்கு எங்கோ கண்காணாத ஊருக்கு மாற்றல் வந்தது.

"ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யத் தெரியுதாய்யா உனக்கு?" என்றார் இயக்குநர்.

சல்லடை பணிவாகக் கும்பிட்டுவிட்டு மூட்டை கட்டப் போனார்.

சாமான் ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பும்போது தையற்கடைக்காரப் பெண் குறுக்கே ஓடி வந்தாள். இடுப்பில் குழந்தை, ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வீடு திரும்பியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் வண்டியில் இருந்த சல்லடையின் காதருகே எக்கினாள்.

"அண்ணே, நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்களே! மறுபடி தடுத்தாங்கன்னா எந்த வார்த்தையப் போடணும்னு, எப்பவும்போல காதோட சொல்லிட்டுப் போங்க!"