துட்டி வீட்டில் ஒரு ‘வாரேன்’

செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் பட்டேன். எஸ்தர் டீச்சர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. மூன்று வருடமாகத் தருகிறேன், தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமலே போய்விட்டாரே என்ற எரிச்சல்தான் வந்தது. (அழுகை பிறகு வந்தது. அதைச் சொன்னால் என் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.)

நான் கேட்டது நகையோ பட்டோ இல்லை. ஒரு ரோஜாக் குச்சி.

எழுபதுகளின் கடைசி அது. வீடு சிம்மக்கல்லில், வேலை திருமங்கலத்தில். ஓர் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கி ரோஜாச் செடியில் போடுகிற பைத்தியம் எனக்கு. மொட்டை மாடியில் உடைந்த குடம், எண்ணெய் டின், பழைய வாளி என்று எதில் பார்த்தாலும் ரோஜா. ஆனால் டீச்சர் வீட்டில் இருந்த கறுப்பு ரோஜா மட்டும் என்னிடம் இல்லை. கறுப்பு என்றால் கறுப்பு இல்லை, காய்ந்த ரத்தத்தின் நிறம்.

டீச்சர் மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். வாசலில் இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்றில் அடுக்கடுக்காகக் கை விரித்த கிறிஸ்துமஸ் மரம், இன்னொன்றில் கூம்பு மாதிரி தூஜா. இரண்டும் கொடைக்கானலிலிருந்து வந்தவை. மதுரை வெயிலில் கருகாமல் இருக்க அவற்றைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இரண்டு பேர் போர்த்திக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, “கல்லறையில நிக்கிற மரத்த எவனாவது வாசல்ல வைப்பானா?” என்றார். ரோஜாத் தொட்டி ஒவ்வொன்றிலும் தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்டால் பெயர் எழுதிக் குத்தியிருப்பார். அதுவும் வரிசையாகக் கல்லறை மாதிரிதான் தெரியும்.

சனிக்கிழமைதோறும் போவேன்.

“டீச்சர், அந்தக் குச்சி?”

“மழை விழட்டும் பேச்சி. இப்ப ஒடிச்சா காஞ்சுரும்.”

“போன வருசம் எம்புட்டு மழை பேஞ்சுச்சு?”

“அது மழையா? தூத்தல்.”

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் அவருடைய பிரம்பு நாற்காலி. கிளம்பும்போது கேட்டருகே வந்து, “வாரேன் டீச்சர்” என்பேன். ஆள் தெரியாது. மரத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும். “வா பேச்சி.”

புரட்டாசியில், மழைக்கு முன்னாலேயே, டீச்சர் போய்விட்டார். சாவு கேட்கத் துட்டிக்குப் போனேன். பையில் மாலை, துண்டு, அடியில் செடி வெட்டுகிற கத்திரி. (எதற்கு எடுத்தாய் என்று கேட்காதீர்கள். நானும் அன்று என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.) அங்கே ஒரு பெண் சொன்னாள்: “மகன் சாமுவேல் நாளைக்கே வீட்டப் பூட்டிட்டு பெங்களூர் போறாராம். செடியெல்லாம் காய வேண்டியதுதான்.” அந்த ரோஜா போனால் போனதுதான்.

மூன்று மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, பெரிய மனுஷி மாதிரி, “நீங்க போயிட்டு வாங்க, பொம்பளைங்க நாங்க வீட்டப் பாத்துக்கிறோம்” என்றேன். சாமுவேல் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் பார்த்தால் பெண்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கிழவிகள்கூட. கடைசி ஆள் கேட்டைச் சாத்தியதும்தான் தெரிந்தது, ‘நாங்க’ என்பது நான் ஒருத்திதான்.

முக்கால் மணி நேரம் யோக்கியமாக உட்கார்ந்திருந்தேன். ஊதுவத்திப் புகை கலையாமல் நின்றது. பெட்டி இருந்த இடத்தில் பெஞ்சு அப்படியே கிடந்தது. தெருவில் சத்தமே இல்லை. காற்று இல்லாதபோதும் தூஜா மட்டும் ‘உஷ்’ என்றது. மேலே யோசித்தால் தைரியம் போய்விடும் என்று எழுந்து போய்க் குச்சிகளை வெட்டினேன். ஒன்று போதும். பன்னிரண்டு வெட்டினேன். முந்தானையில் சுருட்டிக்கொண்டு வேகமாகக் கேட்டுக்கு வந்தேன்.

துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். ‘வாரேன்’ என்று சொல்லவே கூடாது. அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மூன்று வருடப் பழக்கம். கேட்டில் கை வைத்ததும் வாய் அதுவாகச் சொன்னது.

“வாரேன் டீச்சர்.”

கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “வா பேச்சி.”

ஓடினேன். ஓட முடியவில்லை. யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். (ரோஜா முள் என்று இன்று சொல்கிறேன். அன்று ஐந்து விரல் தெரிந்தது.) தொட்டி மேல் விழுந்து, குச்சிகளெல்லாம் சிதற, நான் போட்ட கத்தலில் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச் சேலை. டீச்சரின் அதே முகம். மறுபடியும் கத்தினேன்.

“யாருடி நீ, திருடியா?” என்றது அந்த முகம்.

“இல்லம்மா, துட்டிக்கு வந்தேன்.”

“துட்டிக்கு வந்தவ கையில எதுக்குக் கத்திரி?”

டீச்சரின் அக்கா ரூத்தம்மா அவர். திண்டுக்கல்லிலிருந்து காலையில் வந்து, முடியாமல் உள்ளறையில் படுத்திருந்தாராம். எனக்குப் போன உயிர் பாதி வந்தது. “நீங்கதானம்மா ‘வா பேச்சி’ன்னு கூப்பிட்டது?”

“நான் மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குறேன். நீ போட்ட கூப்பாட்டுலதான் முழிச்சேன். ஒம்பேரு பேச்சின்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அந்த நேரம் பார்த்துக் கல்லறைக்குப் போன கூட்டம் திரும்பி வந்தது. அம்புட்டுப் பேரும் கேட்டில் நின்றார்கள். தரையில் நான், சேலை கிழிந்து, கையில் கத்திரி, சுற்றிலும் இறந்தவர் வீட்டு ரோஜாக் குச்சிகள். வீட்டைப் பாத்துக்கிறோம் என்று சொன்ன மகராசி.

சாமுவேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். “பேச்சி நீங்கதானா?” என்று கேட்டார். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பின்னால் போய், பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து ஒரு தொட்டியைத் தூக்கிவந்தார். வேர் பிடித்து ஒரு முழம் வளர்ந்த கறுப்பு ரோஜா. “இத யாரும் தொடக் கூடாதுன்னு அம்மா எழுதியிருந்தாங்க.”

தகரத்தில் டீச்சரின் கையெழுத்து: ‘பேச்சி, அவசரக்காரி. மழை விழுந்ததும் குடுக்கணும்.’

அழுகை வந்தது அப்போதுதான். என் சொந்தப் பொருளை நானே திருடப்போன கழுதை நான்.

மூன்று நாள் காய்ச்சல். வெட்டிய பன்னிரண்டு குச்சியும், டீச்சர் சொன்னபடியே, காய்ந்தன. தொட்டிச் செடி மட்டும் சிம்மக்கல் மாடியில் இன்றும் பூக்கிறது. தகரத்தைப் பிடுங்கவில்லை. பேரப்பிள்ளைகள் வரை எனக்கு வீட்டில் அதுதான் பெயர், அவசரக்காரி.

அன்றிலிருந்து நான் எங்கேயும் ‘வாரேன்’ சொல்வதில்லை. ‘கெளம்புறேன்’தான். அதற்கும் விடமாட்டார்கள். செருப்பை மாட்டினால் போதும், அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் குரலை மாற்றி, “வா பேச்சி” என்பார். மகள் கல்யாணமாகிப் போகிற அன்று, வண்டியில் ஏறும்போது, “வாரேம்மா” என்றாள். ‘வா’ என்று சொல்லப் பயந்து கையை மட்டும் ஆட்டினேன். அந்த அழுகையிலும் அவள் சிரித்துவிட்டாள்.

சிரிக்கட்டும். என் வீட்டுக்காரர் அந்தக் குரலை எத்தனை தடவை செய்து காட்டினாலும் ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. கேட்டவள் நான்.