அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்த நாள்

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வராது. எங்கள் மலேசியப் பேச்சில் வால் மாதிரி ஒட்டிக்கொள்ளும் "லா" மட்டும்தான் வரும். இதை எழுதும்போதும் கோபம்தான். அதனால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கால் சென்டரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கிடைத்தது என்று முழுதாகச் சொல்ல முடியாது. பேச்சுப் பயிற்சியில் தேறினால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் புக்கிட் மெர்தாஜாமுக்கே திரும்ப வேண்டும். அங்கே அப்பா ஏற்கெனவே கோயில், மார்க்கெட், முடிவெட்டும் கடை எல்லா இடத்திலும் "மக பினாங்குல ஆபீசர்" என்று அறிவித்துவிட்டார். (ஆபீசராம்! எனக்கென்று ஒரு நாற்காலிகூட இன்னும் ஒதுக்கவில்லை.)

பயிற்சி கொடுத்தவர் பெயர் கேரி. யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குமரேசன்தான் அவர். மனுஷன் "வாட்டர்" என்று சொல்ல மாட்டார், "வாடர்" என்பார். "தேங்க் யூ" சொல்ல நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்ட வேண்டுமாம். கழுதை வயசில் நாங்கள் எல்லோரும் எதிரெதிரே உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தோம். செல்வி என்ற என் பெயர் வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையாதென்று என்னை "செலினா" ஆக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு செலினா ஆனேன்.

உச்சரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்த "யூ"தான் தொண்டையில் சிக்கியது. வயதானவர்களை "யூ" என்றால் "நீ" என்று சொன்ன மாதிரி எனக்குக் கூசும். "அங்கிள் வாண்ட் வாட்?" என்றுதான் வரும். மேலாளரை "ஹி" என்று சொல்லவும் மனம் வராமல், மரியாதையாக "தே" என்றேன். "எத்தனை மேலாளர் உனக்கு?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தார் கேரி. பிறகு பலகையில் பெரிதாக எழுதினார்: அங்கிள் கிடையாது, ஆன்ட்டி கிடையாது, எந்த வயதாக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சைக்கு வீட்டில் ஒருவருடைய எண்ணைக் கொடுக்கச் சொன்னார். முன்கூட்டியே சொல்லாமல், அவர்களை வாடிக்கையாளராக நினைத்து ஆபீஸ் போனில் பேச வேண்டும். புத்தியுள்ளவர்கள் எல்லாம் தம்பி, தங்கை எண்ணைக் கொடுத்தார்கள். நான், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவராயிற்றே என்று, அப்பா எண்ணைக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் அப்பா குரல் கேட்டதும் வகுப்பு அடங்கியது.

"ஹலோ முனியாண்டி! ஹவ் ஆர் யூ டுடே?" என்றேன், நாக்கைச் சுழற்றி.

அப்பா தமிழில் எகிறினார்.

"யாரு நீ? என் பொண்டாட்டிகூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

தமிழ் பேசினால் மார்க் போய்விடும். "ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், முனியாண்டி," என்றேன். (இந்த வாய்க்கு அன்றைக்கே சூடு போட்டிருக்க வேண்டும்.)

"இந்த ஸ்கேம் வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்லா! என் மக பினாங்குல ஆபீசர். அவ இங்கிலீஷ் முன்னாடி உன் இங்கிலீஷ் நிக்குமா? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேப்பா உன்னை!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கேரியோ, "பெயர், பெயர்" என்று வாயசைத்தார். அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி அவர் மேலேயே வீசலாம் போலிருந்தது. "முனியாண்டி, மே ஐ..." என்று ஆரம்பிப்பதற்குள் போனில் மோட்டார் சைக்கிள் சாவி குலுங்கியது.

"இரு, இப்பவே போலீஸ் பாலாய்க்கே போயி சொல்றேன்."

"அப்பா! நாந்தான்லா, செல்வி! பாலாய்க்கெல்லாம் போவாதீங்க!"

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா அலறினார். "ஐயோ, என் மகளைப் புடிச்சு வச்சிருக்கீங்களா? பக்கத்துல எவன்டா இருக்கான்? போனைக் குடு அவன்கிட்ட!"

கேரி எழுந்து நின்றுவிட்டார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்கிள், நான் குமரேசன் அங்கிள். பைராம் தோட்டம். மாரிமுத்து மவன். பயப்படாதீங்க அங்கிள், செல்வி நல்லா இருக்கு. இது சும்மா டெஸ்ட்டு, மன்னிச்சிருங்க அங்கிள்."

"பெத்த அப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட வைக்கிறதுதான் உன் டெஸ்ட்டாடா? மாரிமுத்து இதைத்தான் சொல்லிக் குடுத்தானா?" அப்பா ஆரம்பித்தது வெகுநேரம் ஓயவில்லை. கேரி "சரி அங்கிள், சரி அங்கிள்" என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். பலகையில் அவர் எழுதியது அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

"பெயர் சொல்லிக் கூப்பிடுங்களேன், கேரி," என்றேன்.

அவர் என்னை ஃபெயில் போட்டார். காரணம்: பாதியில் உச்சரிப்பு மாறிவிட்டதாம்! அவருக்கு மாறியது அதைவிட மோசம். அவருக்கு யார் மார்க் போட்டார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பிறகு கெலுகோரில் வேறு வேலை கிடைத்தது. அங்கே அங்கிளை அங்கிள் என்றே அழைக்கலாம். ஆனால் அப்பா மட்டும் அன்றிலிருந்து போனில் என் குரலை நம்புவதில்லை. திரையில் என் பெயரே வந்தாலும் முதலில் நான் "லா" போட்டுப் பேச வேண்டும். நான் செலினா ஆன கதையையும் சேர்த்து வீட்டில் எல்லோருக்கும் இது சிரிப்பு.

போன மாதம் எனக்கு நிஜமாகவே ஆபீசர் பதவி கிடைத்தது. மூச்சு வாங்க அழைத்தேன். "அப்பா, எனக்கு..."

"லா எங்க?"

"ஆபீசர் ஆயிட்டேன்லா, அப்பா!"

அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஹவ் ஆர் யூ டுடே, செலினா?"