நூற்றுப் பதினெட்டுப் புள்ளிக்கோடுகள்

2023 செப்டம்பர் 14ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை 9.20. லிந்துலையில் தூறல். எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மூட்டம். அந்த நேரத்தில்தான் என் மனைவியின் பியானோப் புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்தேன்.

எனக்குப் பியானோ தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது கணக்கு. முப்பத்தொரு வருடம் தோட்டப் பாடசாலையில் அதைத்தான் படிப்பித்தேன். பியானோ என் மனைவி மேரியின் விஷயம். தாதி வேலையில் இருந்து ஓய்வுபெற்ற மறுவாரமே நுவரெலியாவில் எஸ்தர் மிஸ்ஸிடம் படிக்கப் போனாள். அறுபத்தாறு வயதில் டிப்ளோமாப் பரீட்சைக்கு வந்து நின்றாள். முதல் தடவை மூன்று புள்ளிகளில் தோல்வி. வாசித்ததில் குறை இல்லை, கேள்வியில்தான் குறை. "இந்த இடத்தை ஏன் இப்படி வாசித்தீர்கள்?" என்று பரீட்சகர் கேட்க, "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றாளாம். அது யார் யாரோ தங்கள் இஷ்டத்துக்குக் குறிகளைச் சேர்த்த மலிவுப் புத்தகம்.

அதனால் இந்தத் தடவை எஸ்தர் மிஸ் தன் சொந்தப் புத்தகத்தை இரவல் தந்தார். (மிஸ்ஸுக்கு வயது 82. அதுவரை யாருக்கும் ஒரு தாளைக்கூட இரவல் தந்தவரல்ல.) ஜெர்மனியில் அச்சான ஆய்வுப் பதிப்பு. மேரி பரீட்சையில் வாசிக்க வேண்டிய சொனாட்டா என்ற பியானோ இசையை எழுதியவரின் கையெழுத்துப் பிரதியையும் முதல் அச்சுகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, அறிஞர்கள் வருடக்கணக்கில் உழைத்துப் போட்டது. இதெல்லாம் முன்னுரையில் இருக்கிறது. முன்னுரை ஒன்பது பக்கம். எண்ணினேன், வாசிக்கவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேரி அட்டனில் உள்ள மகள் செலின் வீட்டுக்கு இரண்டு நாள் போனாள். புத்தகம் மேசையில் இருந்தது. பக்கம் எத்தனை என்று பார்க்கத்தான் திறந்தேன். சுரங்களின் தலைக்கு மேல் வில் மாதிரி வளைகோடுகள். அவற்றைப் பிரிக்காமல் சேர்த்து வாசி என்று அர்த்தமாம். சில வில்கள் முழுசாக இருந்தன. சில வெறும் புள்ளிப் புள்ளியாக இருந்தன.

இவ்வளவு விலையுள்ள புத்தகத்தில் மை பிடிக்கவில்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் பாடசாலையில் பரீட்சைத் தாள்களை ரோனியோ என்ற கைப்பிடி அச்சு இயந்திரத்தில் உருட்டுவோம். வட்டம் அரைவட்டமாக வரும். முக்கோணத்துக்கு ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். நாற்பது தாளிலும் பேனாவால் கோடு சேர்ப்பது என் வேலை. அந்தக் கை சும்மா இருக்குமா? புதிதாக ஒரு மெல்லிய கறுப்புப் பேனா வாங்கிவந்து சேர்த்தேன். மொத்தம் 118 கோடுகள். ஒன்றுகூட நடுங்கவில்லை.

போதாததற்குச் சில குறிகள் அடைப்புக்குறிக்குள் இருந்தன. உள்ளே ஒரே ஒரு உறுப்பு இருந்தால் அடைப்பு தேவையில்லை என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! வெள்ளை மையால் அழித்தேன். 43.

வெள்ளி மாலை மேரி வந்தாள். நானே புத்தகத்தை விரித்துக் காட்டினேன்.

"என்னங்க இது?"

"அச்சு சரியா விழல. சரி பண்ணிட்டேன்."

அவள் நான்கு பக்கம் புரட்டினாள். பிறகு உட்கார்ந்தாள். (உட்கார்ந்தது கதிரையில் அல்ல, அரிசிச் சாக்கில்.)

"முழுக்கோடு சொனாட்டா எழுதின மனுசன் போட்டது. புள்ளிக்கோடு அவரு எழுதல, எழுதியிருப்பாருன்னு புக்கு போட்ட இவங்க நெனைக்கிறது. அடைப்புக்குறியும் அப்படித்தான். எது அவரு, எது இவங்கன்னு பிரிச்சுக் காட்டத்தாங்க இந்தப் புக்கே!"

"அப்ப இப்ப?"

"இப்ப எல்லாத்தையும் அவரே எழுதிட்டாரு."

மறுநாள் காலை 7.10 பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். எஸ்தர் மிஸ் பூதக்கண்ணாடி வைத்து இருபது நிமிடம் பார்த்தார். நான் வாசலுக்கு அருகிலேயே நின்றேன்.

"சேர், கண்ணாடி போட்டுக்கிட்டா செஞ்சீங்க?"

"ஆமாங்க மிஸ்."

"அதான். போடாம செஞ்சிருந்தா கோடு கோணலா இருந்திருக்கும், கண்டுபிடிச்சிருக்கலாம். இது அச்சு மாதிரியே இருக்கு."

"வேற புக்கு கெடைக்குமா மிஸ்?" என்று மேரி கேட்டாள்.

"வெளிநாட்டுல இருந்துதான் வரணும். ஆறு வாரமாவது ஆகும்."

"ஏழு நாள்தான் இருக்கு. விடுங்க மிஸ், நான் போகல. இந்த வயசுல எனக்கு எதுக்கு?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. அப்போதுதான் என் பையில் இருந்த கொப்பியை எடுத்தேன். செய்த வேலையைப் பதியாமல் விட எனக்கு வராது. மிஸ் அதை உரக்க வாசித்தார்.

"பக்கம் 4, மூன்றாம் வரி, கட்டம் 61, வலது கை. கோடு விடுபட்டிருந்தது, சேர்த்தேன். பக்கம் 4, மூன்றாம் வரி, கட்டம் 63. தேவையற்ற அடைப்பு, நீக்கினேன்." இப்படி 161 பதிவுகள்.

மிஸ் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "இதே மாதிரி ஒரு பட்டியல் அந்தப் புக்கோட கடைசியிலயும் இருக்கு சேர். அறிஞருங்க போட்டது. உங்களோடது அதவிட விவரமா இருக்கு. மேரி, இத மனப்பாடம் பண்ணு."

ஏழு நாளும் அவள் வாசிக்க, நான் கொப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்து "இது நான்", "இது அவரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் மட்டும் என் வாயில் இருந்து வேறு பேச்சு வர அனுமதியில்லை.

பரீட்சை கண்டியில். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து கூரைத் தகடுகளை எண்ணினேன். உள்ளே நடந்ததை மேரி பிறகு சொன்னாள். பரீட்சகர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஒரு வளைகோட்டில் விரலை வைத்து, "இது இசையமைப்பாளர் எழுதியதா?" என்று கேட்டாராம்.

"இல்லை மேடம், அது என் கணவர் போட்டது."

"உங்கள் கணவர் பதிப்பாசிரியரா?"

"ஒரே ஒரு நாள் மட்டும்."

பிறகு அடுத்த கோடு, அதற்கடுத்தது என்று பக்கம் முழுவதையும் பிரித்துச் சொல்லியிருக்கிறாள். ஒன்றிலும் பிழையில்லை. பரீட்சகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாராம். மேரி சித்தியடைந்தாள். கேள்விப் பகுதியில்தான் அதிகப் புள்ளி.

இப்போது எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், கல்யாண வீட்டில் நான் ஒரு கதையைச் சற்று நீட்டிச் சொன்னாலும், செலின் உடனே கேட்பாள்: "இது உள்ளதாப்பா, நீங்க போட்டதா?" மருமகனும் பழகிவிட்டார். போன மாதம் பாதிரியார்கூடக் கேட்டார்.

எஸ்தர் மிஸ்ஸுக்குப் புதுப்பிரதி ஒன்று வரவழைத்துக் கொடுத்தேன். பழையதை மேரிக்கே தந்துவிட்டார். புதியதை அவர் வீட்டில் வைத்துக்கூட நான் தொடக்கூடாது என்பது நிபந்தனை. புத்தகம், விமானத் தபால், சுங்கவரி, நாலு தடவை பஸ், பேனா, வெள்ளை மை எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 26,370 ரூபாய்.