'வேண்டாம்' பட்டனை நீக்கிய வரலாறு

ஆதாரம் இல்லாமல் ஒரு தும்மலைக்கூட அனுமதிக்காத குழு இந்த உலகில் உண்டென்றால், அது எங்கள் சிறப்புப் பள்ளியின் மதிப்பீட்டுக் குழு ஒன்றுதான். அதன் செயலாளர் நான் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

எங்கள் மாணவி ஒருத்திக்கு வாயால் பேச வராது. மடியில் ஒரு டேப்லெட். படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். அது கைக்கு வந்த நாளிலிருந்து ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததால் அவள் அம்மா வைத்த செல்லப்பெயர் 'வாயாடி'.

வாயாடியைத் தொலைதூர விடுதிக்கு அனுப்புவதே அவளுக்கு 'நலம்' என்று குழு முடிவு செய்தது. முடிவு தயார், ஆதாரம்தான் பாக்கி.

"ஹாஸ்டலுக்குப் போறியாம்மா?" என்று தலைவர் தேனொழுகக் கேட்டார்.

"வேண்டாம்" என்றது டேப்லெட்.

"அங்க ஊஞ்சல் எல்லாம் இருக்கே!"

"வேண்டாம். வேண்டாம். அம்மா."

தலைவர் எங்கள் பக்கம் திரும்பி உச்சுக் கொட்டினார். "பாத்தீங்களா? சொன்னதையே சொல்றா. சொல்வளம் வளரவே இல்ல."

குழுவில் ஓட்டு இல்லாத ஸ்பீச் தெரபிஸ்டுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க கேள்விய மாத்தல சார், அவ பதில மாத்தல."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. ஆராய்ச்சி என்ன சொல்லுது?"

"பேசுறவங்களோட விருப்பமும் ஆதாரத்துல ஒரு பங்குன்னு சொல்லுது சார்."

"அது கடைசிப் பக்கத்துல இருக்கும். நாம முன்னுரையோட நிறுத்திக்கலாம்."

ஆகவே, 'பிற சொற்களுக்கு வாய்ப்பளிக்கும் பொருட்டு' அடுத்த கூட்டத்தன்று காலை 'வேண்டாம்' பட்டன் நீக்கப்பட்டது. அந்த அரும்பணியை என் ஆள்காட்டி விரலே ஆற்றியது.

தலைவர் மீண்டும் கேட்டார். வாயாடியின் விரல் பழகிய இடத்துக்குப் போய் வெற்றுக் கட்டத்தைத் தட்டியது. மறுபடி தட்டியது. திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். கண் கலங்கியது. கடைசியில் தலைவரை முறைத்துக்கொண்டே ஒரு படத்தை அழுத்தினாள்.

"டாட்டா."

"அப்பாடா! கிளம்ப ரெடியாயிட்டா!" தலைவர் மேசையைத் தட்டினார்.

"ஐயோ சார், அவ உங்களத்தான் போகச் சொல்றா! எம்புள்ளைய எங்கிட்டருந்து பிரிச்சிடாதீங்க!" என்று அம்மா கதறினார். கதறல் அளவிடத்தக்க ஆதாரம் அல்ல என்பதால் குறிப்பில் சேர்க்கவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'மாணவி மறுப்பேதும் தெரிவிக்கவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பிறவி அவள் வாயை மட்டும்தான் மூடியிருந்தது; மிச்சத்தை நாங்கள் ஆதாரபூர்வமாக மூடினோம்.