முகம் பார்க்காத சப்பாத்து அண்ணன்

சப்பாத்து அண்ணன் தம் வாழ்நாளில் ஒரு மனிதரின் முகத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அமைச்சரே எதிரில் வந்து நின்றாலும் முதலில் அவருடைய காலைத்தான் பார்த்திருப்பார். கால் நன்றாக இருந்தால் வணக்கம் சொல்லியிருப்பார்.

சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். லாடம் என்ற சொல் அவர் வாயில் வராது. மனிதர் காலில் போடும் காலணியைப்போல அதையும் சப்பாத்து என்பார். எனவே திடல் முழுக்க அவருக்கு அதுவே பெயர். அடையாள அட்டையில் இருந்த பெயர் பல வருடம் கழித்து மருத்துவமனையில்தான் எனக்குத் தெரியவந்தது.

முப்பத்தெட்டு வயதில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளன். கடை மூடியதும் ஒரு லாயத்தின் அலுவலகத்தில் இடம் கிடைத்தது. குதிரையை அதுவரை தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்தேன். முதல் நாள் ஒரு குதிரை மூச்சுவிட்டதற்கே மூன்றடி பின்னால் போனேன். அண்ணன் என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பயம் இருக்கட்டும் தம்பி, தப்பில்ல. ஆனா குதிகாலத் தூக்கிட்டே நிக்காதீங்க. நீங்க ஓடப்போறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சிரும்லா."

அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் கண்ணை மூடச் சொல்லி, குதிரைகள் நடந்துபோகும் சத்தத்தைக் கேட்க வைப்பார். நான்கு குளம்புச் சத்தமும் சமமாக இருந்தால் நலம். ஒன்று மெதுவாக விழுந்தால் அந்தக் காலில் வலி. மூன்று மாதத்தில் எனக்கும் அது பிடிபட்டது. அதோடு எம்ஆர்டி ரயிலில் நிம்மதியாக உட்காரும் சுகம் போயிற்று. எதிரே யார் நின்றாலும் எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்றே பார்க்கத் தொடங்கினேன்.

அவருடைய அக்கா மகளைப் பெண் பார்க்கத் தெம்பனிஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நானும் போயிருந்தேன். பலகாரம் வருவதற்குள் அண்ணன் மாப்பிள்ளையை எழுப்பி, லிப்ட்வரைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வரச் சொன்னார். கணினித் துறையில் பெரிய வேலையில் இருந்தவர் அவர். எதற்கென்று கேட்காமல் நடந்தார். அண்ணன் இன்னொருமுறை நடக்கச் சொன்னார். பையனின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மாப்பிள்ளை தங்கமானவரு. வலது பெருவிரல் நகம் உள்ள வளருது, அவ்வளவுதான். சீக்கிரம் காட்டிருங்க" என்றார் அண்ணன்.

கடைசியில் பையனே, இரண்டு மாதமாக வலிக்கிறது, பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டார். அந்த வீட்டில் பெண் எடுக்கத் தீர்மானித்தது அந்த நிமிடத்தில்தான் என்று அவருடைய அம்மா பின்னால் சொன்னார். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெருவிரலில் கட்டோடு அக்கினியைச் சுற்றினார்.

அண்ணன் தவறியதும் உண்டு. ஒரு பந்தயக் காலையில் எங்கள் லாயத்தின் சிறந்த குதிரை நொண்டுகிறது, ஓடவிடாதீர்கள் என்றார். பயிற்சியாளர் அவர் சொல்லை நம்பி அதை விலக்கினார். கால்நடை மருத்துவர் படமெடுத்துப் பார்த்தார். காலில் ஒன்றுமில்லை. உரிமையாளர் கத்தினார். இருந்தும் பயிற்சியாளர் அண்ணனை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஏதோ இருந்திருக்கும், ஓய்வில் சரியாகியிருக்கும் என்று சமாளித்தார். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் அண்ணன் குதிரை நடந்த இடத்துக்குப் போய்த் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தார். தரை ஒருபக்கம் லேசாகச் சரிந்திருந்தது. நேரே உரிமையாளரிடம் போய், குதிரை நொண்டவில்லை, தரைதான் நொண்டி, தப்பு தன்னுடையது என்று சொன்னார். ஏன் போய்ச் சொன்னீர்கள், யாருக்கும் தெரிந்திருக்காதே என்று கேட்டேன்.

"அடுத்த தடவ நான் சொல்றத அவங்க நம்பணும்ல" என்றார்.

பிறகு பந்தயத் திடலை மூடினார்கள். குதிரைகள் ஒவ்வொன்றாக விமானம் ஏறின. பயணத்துக்காகப் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிட்டது அவர்தான். எங்கள் லாயத்தின் கடைசிக் குதிரையும் போனபின் சுத்தியலைத் துடைத்துப் பையில் வைத்தார். பசிக்கிறது என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் வாரம் ஒருமுறை தேக்காவில் சேர்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் சிராங்கூன் சாலையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவருடைய இடது கால் மெதுவாக விழுந்தது. கேட்டதற்குப் புதுச் செருப்பு என்றார். செருப்பு பழையது. அங்கேயே ஒரு நகைக்கடை வாசலில் உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. ஊரில் எல்லார் காலையும் பார்த்தவர், சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு தம் காலைப் பார்க்கவில்லை. மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரே தடவை.

"அண்ணே, குதிரையா இருந்தா விடுவீங்களா?"

எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு விரல்கள் போயின. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் மருத்துவர். அண்ணன் அவரிடம் நன்றி சொன்னதோடு, அவருடைய இடது சப்பாத்தின் குதிகால் தேய்ந்திருப்பதையும் சொன்னார்.

அப்புறம் ஏழெட்டு மாதம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் புக்கிட் பாத்தோக்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடப்போம். ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஆகும். போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இன்னும் அந்த நடைதான் வருகிறது. ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறீர்கள் என்று மனைவி கேட்டால், வெயில் என்று சொல்லிவிடுகிறேன்.