வயிற்றால் பாடிய வகுப்பு

எனக்குச் சுமாராகத்தான் பாட வரும். அதனாலோ என்னவோ, மற்றவர்கள் எப்படிப் பாட வேண்டும் என்பது எனக்கு மிக நன்றாகத் தெரியும் என்று இருபத்திரண்டு வயதில் நம்பியிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்தில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாகப் போனேன். ஒரே மண்டபம், இருபத்தைந்து பிள்ளைகள். எழுத்தும் கணக்கும் போதும் என்றிருந்த இடத்தில் நானாகவே பாட்டு வகுப்பு தொடங்கினேன். பாட்டு தொண்டையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்பது என் கட்சி. அதோடு, பிள்ளை தானாக விரும்பித்தான் பாட வேண்டும்; பிரம்பும் கூடாது, இனிப்பும் கூடாது. (இனிப்புக் கடை ஆறு மைல் தள்ளி இருந்தது என்பது வேறு விஷயம்.)

மூன்று மாதத்தில் எல்லோரும் ஏதோ கத்தினார்கள், முனியம்மா என்ற சிறுமியைத் தவிர. அவள் வாயே திறக்கவில்லை. கொள்கைப்படி நானும் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் அவமானமாகத்தான் இருந்தது.

பாட்டு வகுப்பு தொடரலாமா, நிறுத்துவதா என்று பார்க்கப் பதுளையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவதாகக் கடிதம் வந்தது. அந்த வகுப்பும் போய்விட்டால், அந்தக் குளிரில் நான் கிடப்பதற்கு வேறு காரணமே இல்லை.

அவர் வருகிற நாள் காலையில் கடைசி ஒத்திகை. பிள்ளைகளை வரிசையாக மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் சிலேட்டை வைத்தேன். மூச்சை இழுத்தால் சிலேட் ஏற வேண்டும், "ஆ..." என்று விட்டால் மெல்ல இறங்க வேண்டும். நானும் வரவு இடாப்பை வயிற்றில் வைத்துப் படுத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் கண்டது, வாத்தியார் உட்பட இருபத்தாறு பேர் தரையில் கிடந்து முனகும் காட்சி. கால் மணி நேரத்தில் கொழுந்துக் கூடையோடு தாய்மார் அலறிக்கொண்டு வந்துவிட்டார்கள். பின்னாலேயே மருந்துப் போத்தலோடு தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா.

"பூச்சிதாங்க. வேற ஒண்ணுமில்ல," என்றார். அங்கே வயிறு என்றாலே பூச்சி, பூச்சி என்றாலே பேதி மருந்து.

"ஐயா, ஒருத்தருக்கும் நோய், வருத்தம் ஒண்டும் இல்லை. வயித்தாலை பாடப் பழக்கிறன்," என்றேன்.

அவர் தாய்மாரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாத்தியாருக்குத்தான் ரொம்ப முத்திருச்சு."

போத்தலைத் திறந்ததும் பிள்ளைகள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள். கங்காணி பிரம்பு தேடினார். நான் நடுவில் பாய்ந்தேன்: "அடிக்கக் கூடாது! அவையள் தாங்களா விரும்பிக் குடிக்கவேணும்." (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

"அப்ப நீங்க மொதல்ல குடிச்சுக் காட்டுங்க," என்றார் டிஸ்பென்சர்.

குடித்தேன். பெரிய ஆள் அளவு. என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் குடித்தார்கள். என் கொள்கை முதன்முதலாக வென்றது அன்றுதான்.

இரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர். சிரிப்பு என்பதே கிடையாது. பாட்டைத் தொடங்கினோம். இரண்டாம் அடியில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேயிலைப் பக்கம் ஓடினான். பிறகு இருவர். பிறகு ஒரு வரிசையே.

"என்ன மாஸ்டர், பிள்ளையள் குறைஞ்சுகொண்டு போகினம்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் வயிறு முந்திக்கொண்டது.

கக்கூசுக்குள் குந்தியபடி, எல்லாம் போயிற்று என்று அழுதேவிட்டேன். அப்போது தகரச் சுவரைத் தாண்டி ஒரு குரல் கேட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாட்டில்லை. கொழுந்து பறிக்கையில் பெண்கள் பாடுவது. அவசரமில்லாமல், அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஒரே மூச்சில் நீண்டு போயிற்று. இப்படி ஒரு குரல் என் வகுப்பில் இருந்ததா என்று வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

ஓடி வந்து பார்த்தால், மண்டபத்தில் இன்ஸ்பெக்டரும் முனியம்மாவும் மட்டும். (அவள் மருந்தைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து வெளியே துப்பியிருக்கிறாள்.)

"பிள்ளை, உன்னை ஆர் பாடச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லலீங்க. எல்லாரும் போயிட்டாங்க, எனக்கே பாடணும் போல இருந்துச்சு. மூச்ச இழுத்தேன், வந்துருச்சுங்க."

அவர் எழுதிவிட்டுப் போன அறிக்கை இரண்டே வரி: "பாட்டு வகுப்பு தொடரலாம். அது நடக்கும்போது ஆசிரியர் வெளியே இருப்பது நலம்."

இதை மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த பிழை. இன்றைக்கும் பேரன் சைக்கிள் பழகும்போதோ மகள் அடுப்படியில் நிற்கும்போதோ நான் ஒரு யோசனை சொல்லப் போனால், வீடே சேர்ந்து கத்தும்: "இன்ஸ்பெக்டர் சொன்னவரெல்லே, நீங்கள் வெளியிலை போய் இருங்கோ!"

நானும் போய் வெளியே உட்காருவேன். உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.